செட்டாஃபிலா, செராவேயா? முதலில் தோலைப் பாருங்கள்

“அத்தா, இதில் எதை வாங்கலாம்?” என்று மகள் கைபேசியை நீட்டினாள். முகம் கழுவும் கிளென்சர்கள். ஒன்று செட்டாஃபில், மற்றொன்று செராவே. ஆடம்பர விலை இல்லைதான். ஆனாலும் சோப்பை விடப் பல மடங்கு. தவறாக வாங்கினால் பாதி பாட்டில் குளியலறையிலேயே கிடக்கும்.

செட்டாஃபில் 1947இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு மருந்தாளுநர் தயாரித்தது. செராவே 2005இல் வந்தது. அதன் தனித்தன்மை செராமைடு என்ற கொழுப்புப் பொருள். நம் தோலின் மேலடுக்கில் இயல்பாகவே இருப்பது. செல்களுக்கிடையே பூச்சுப் போல் நின்று ஈரத்தைக் காக்கிறது. அது குறைந்தால் தோல் வறண்டு அரிக்கும்.

எது வேண்டும் என்பதைத் தோல்தான் சொல்ல வேண்டும். முகம் கழுவி, எதுவும் பூசாமல் ஒரு மணி நேரம் விடுங்கள். இழுத்துப் பிடித்தால் வறண்ட தோல். முகம் முழுக்கப் பளபளத்தால் எண்ணெய்த் தோல். நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும் என்றால் கலப்பு.

வறண்ட தோலுக்குச் செராவேயின் ‘ஹைட்ரேட்டிங்’ வகையைச் சொல்வேன். எளிதில் எரிச்சல்படும் தோலுக்குச் செட்டாஃபிலின் ‘ஜென்டில்’. இரண்டிலும் வாசனை சேர்ப்பதில்லை, நுரையும் அவ்வளவாக வராது. நுரை வராததால் அழுக்குப் போகவில்லை என்று நினைத்து அழுத்தித் தேய்ப்பவர்கள் நம் வீடுகளில் அதிகம், தேவையில்லை. எண்ணெய்த் தோலுக்குச் செராவேயில் ‘ஃபோமிங்’, செட்டாஃபிலில் ‘ஆய்லி ஸ்கின்’ என்று தனி வகைகள் உண்டு. பலர் பெரிய எழுத்தில் உள்ள பெயரை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, “எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்கிறார்கள்.

ஐவேளை ஒளூச் செய்பவர்களுக்கு ஒரு விஷயம். கிளென்சர் காலை, இரவு இருமுறை போதும். மற்ற வேளைகளில் வெறும் தண்ணீர். வறண்ட தோல் என்றால், கழுவிய ஈரம் முழுதாகக் காயுமுன் மாய்ஸ்சரைசர் பூசிக்கொள்ளலாம்.

இரண்டிலும் கிளிசரின் இருக்கிறது. அது தாவர எண்ணெயிலிருந்தும் வரும், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும். பெயரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பேணுதலாக இருக்க விரும்புவோர் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கலாம்.

இவை வெளுக்க வைக்காது. அதனால்தான் சில பிள்ளைகள் இவற்றை விட்டுவிட்டு, ஒரே வாரத்தில் சிவப்பாக்கும் என்ற பெயரில்லாக் கிரீம்களுக்குப் போகிறார்கள். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் தோல் மெலியும், பரு வெடிக்கும், நிறுத்தினால் முகம் எரியும். அப்படிப் பூசியிருந்தால் கிளென்சரை மாற்றிக்கொண்டிருக்காமல் தோல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

மகளுக்கு எண்ணெய்த் தோல். ‘ஃபோமிங்’கில் சிறிய பாட்டிலாக வாங்கி, முழங்கையின் உட்புறத்தில் மூன்று நாள் தடவிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.