இரைப்பையின் இரட்டை

நம் வீடுகளில் யாருக்கேனும் வயிற்றுவலி என்றால், முதலில் கை போவது ஓமத் திராவகத்துக்கு. அடுத்தபடி சுக்குக் கஷாயத்துக்கு. 'வாயு' என்ற ஒரே சொல்லில் சகல உபாதைகளையும் அடக்கிவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவே இருந்துவிடும். சரியாக இராத அபூர்வ சந்தர்ப்பம் ஒன்றைப் பற்றி இங்கே சிறிது சொல்ல விரும்புகிறோம்.

கர்ப்பத்தில் சிசு உருவாகும்போதே இரைப்பையின் சுவரை ஒட்டி மற்றொரு சிறு பை தோன்றிவிடுவதுண்டு. அதற்கும் தசைச்சுவர் உண்டு. உள்ளே ஜீரணப் பாதைக்குரிய சவ்வும் உண்டு. ஆனால் பெரும்பாலும் வாசல் கிடையாது. ஆகவே சுரக்கும் நீர் உள்ளேயே தேங்குகிறது. ஜீரணப் பாதையில் எங்கே தோன்றினாலும் இத்தகைய பைகளை 'இரட்டிப்பு' என்றே அழைக்கலாம் என்று பாஸ்டன் நகரத்து ரண வைத்தியர் வில்லியம் லாட் 1937-ல் எழுதினார். இவற்றுள் இரைப்பையைச் சேர்ந்தவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு.

அநேகமாகக் குழந்தைப் பருவத்திலேயே வாந்தியினாலோ வயிற்று வீக்கத்தினாலோ இது வெளிப்பட்டுவிடும். சிலருக்கு மட்டும் நாற்பது, ஐம்பது வயது வரையில் மௌனமாக இருந்து, வேறு காரியத்துக்காக எடுத்த படத்தில் தற்செயலாக அகப்படுகிறது.

இங்கேதான் வைத்தியருக்குப் பரீட்சை. உள்நோக்குக் குழாயில் வழுவழுப்பான ஒரு மேடு மட்டுமே தெரியும். பையிலுள்ள நீர் கெட்டியாயிருந்தால் ஸி.டி. படத்திலும் திடமான கட்டிபோலவே தோன்றும். இரைப்பைத் தசையில் வளரும் 'ஜிஸ்ட்' என்ற கட்டியும் ஏறக்குறைய இப்படியே இருக்கும். 1980-ல் வெளிவந்த ஒரு முறை இந்தத் திகைப்பைக் குறைத்தது. குழாயின் நுனியிலேயே ஒலி அலைக் கருவியைப் பொருத்திப் பார்க்கும்போது சுவரின் அடுக்குகள் தனித்தனியே தெரிகின்றன. நீர் கறுப்பாகத் தெரிகிறது. அப்படியும் ஐயம் தீராமல், அறுத்தெடுத்துப் பூதக்கண்ணாடியில் சோதித்த பிறகே உண்மை விளங்குவதுண்டு.

புற்று என்று பயந்து அவசியத்துக்கு மேல் இரைப்பையை அறுப்பதும் தவறு. வெறும் நீர்ப்பை என்று அலட்சியம் செய்வதும் தவறு. மிக அபூர்வமாக அந்தப் பையிலேயே புற்று உண்டானதும் உண்டு.

கேள்வியை முழுதும் படிக்குமுன்பே பழகிய விடையை எழுதிவிடும் மாணவர்களை நாம் தினந்தோறும் வகுப்பில் கண்டிக்கிறோம். வயிற்றுவலி விஷயத்தில் நாமும் அந்த மாணவர்களே! வாரக்கணக்கில் விடாத வலி, அடிக்கடி வாந்தி, கறுத்த மலம், காரணமின்றி மெலிதல் ஆகியவற்றைக் கண்டால் கஷாயக் கிண்ணத்தை ஒருபுறம் வைத்துவிட்டு வைத்தியரிடம் செல்வதே விவேகம்.