மீனெலும்பும் ஈய மண்ணும்

கலிபோர்னியாவின் துறைமுக நகரான ஓக்லண்டின் மேற்குப் பகுதியில் தென் பிரெஸ்கொட் என்னும் சிறிய குடியிருப்பொன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாணியில் எழுந்த மரவீடுகள் பல அங்கே இன்னும் நிற்கின்றன. 2011ஆம் ஆண்டில் அவற்றின் முற்றங்களில் அரைத்த மீனெலும்பைக் கொட்டி மண்ணோடு கலந்தனர். பார்த்தவர் உரமிடுவதாகவே எண்ணியிருப்பர். ஆனால் அது பயிருக்கு இட்ட உரமன்று. மண்ணிலிருந்த நஞ்சுக்கு இட்ட மாற்று.

அந்நஞ்சு ஈயம். முற்காலத்து வெள்ளைத் தீந்தையின் மூலப்பொருள் ஈயக் காபனேற்று. எண்ணெயிற் குழைத்துப் பூசினால் அது மரத்தை இறுகப் பற்றும், மழையையும் தாங்கும். இதன் தீங்கை ஒருவரும் அறியாதிருந்தனர் எனக் கூறுவதற்கில்லை. அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் லொக்ஹாட் கிப்சன் என்னும் கண் மருத்துவர், குழந்தைகளைப் பீடித்த ஈய நோய்க்கு வீட்டுக் கைப்பிடிகளிலும் சுவர்களிலும் பூசிய வர்ணமே காரணம் என 1904இலேயே எழுதினார். ஐக்கிய அமெரிக்கா வீட்டு வர்ணத்தில் ஈயத்தைத் தடைசெய்ததோ 1978இல். இடையிற் கழிந்த எழுபத்து நான்கு ஆண்டுகளிற் பூசப்பட்டதெல்லாம் உதிர வேண்டிய இடம் நிலந்தானே!

வெயிலிற் காய்ந்த வர்ணம் செதிலாகவும் மாவாகவும் சுவரடியில் விழுகிறது. ஆகவே கூரைநீர் சொட்டும் ஓரத்திலேயே ஈயம் மிகுதியாயிருக்கும். சுவரை விட்டு விலக விலகக் குறையும். பெற்றோற் புகையும் தொழிற்சாலைப் புகையும் தம் பங்கைச் சேர்த்ததுண்டு. ஈயம் ஒரு மூலகம். இலைதழை போல மக்கி மறைவதில்லை. மழையோடு ஆழத்துக்கும் எளிதில் இறங்காது. குழந்தை தவழ்ந்து விளையாடும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். மண் படிந்த விரல் வாய்க்குப் போகிறது. விழுங்கிய ஈயத்தில் வளர்ந்தவரின் உடல் ஏற்பதைவிடக் கூடிய பங்கைக் குழந்தையின் உடல் ஏற்கிறது. வெளிக்குறி எதுவும் தோன்றாமலே மூளையின் வளர்ச்சி ஊறுபடக்கூடும். இரத்தத்தைச் சோதித்தாலன்றி அது தெரியவராது.

மண்ணை அகழ்ந்து அகற்றுவது நேரான வழி. ஆனால் தோண்டும்போதும் ஏற்றிச் செல்லும்போதும் தூசி எழும், செலவும் பெரிது, அகற்றிய மண்ணைப் புதைக்க வேறோர் இடமும் வேண்டும். தென் பிரெஸ்கொட்டில் மேற்கொண்ட வழி வேறு. எலும்பிலுள்ள பொசுபேற்று, ஈரமான மண்ணில் ஈயத்தோடு கூடிப் பைரோமோர்பைற்று என்னும் கனிமமாகிறது. அது நீரிற் கரைவது மிக அரிது. அதனைக் குழந்தை விழுங்கினாலும், பெரும்பகுதி உடலிற் சேராமலே வெளியேறிவிடும். அதற்குப் பயன்பட்டவை அலாஸ்காக் கடலிற் பிடிபடும் பொலக் மீனின் எலும்புகள். கழிவுப்பொருள் ஒன்று இவ்வாறு மருந்தாயிற்று.

ஈயம் மறைந்துவிட்டதென்று மயங்கலாகாது. வலிய அமிலத்திற் கரைத்து அளந்தால் முன்னிருந்த ஈயம் முழுவதும் அப்படியே தென்படும். மாறியது அதன் உருவமே. ஒரு கிலோகிராம் மண்ணில் 400 மில்லிகிராம் என்றிருந்த எச்சரிக்கை அளவை அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 2024இல் 200ஆகக் குறைத்தது. தென் பிரெஸ்கொட்டில் எலும்பிட்டதோடு நில்லாது, அதன்மேல் நல்ல மண்ணைப் பரப்பிப் புற்பத்தையும் பதித்தனர்.

வேறெந்தப் பழைய வீட்டிலும் முதலிற் கவனிக்க வேண்டியது சுவரே. அது உதிர்ந்துகொண்டிருக்கையில் முற்றத்தைத் திருத்துவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போலாகும். சுவரடியில் தடித்த பிளாஸ்ரிக் விரிப்பைப் பரப்பி, வர்ணத்தை நீரால் நனைத்தபின் சுரண்ட வேண்டும். உலர்ந்த நிலையில் உரசுவதும் தீச்சுடர் காட்டி உரிப்பதும் ஈயத் தூசியையும் புகையையும் வீடெங்கும் பரப்பும். நனைத்துச் சுரண்டுவது மெத்தனமான வேலைதான். அதற்காகவே பலர் அதைத் தவிர்க்கின்றனர்.

மண்ணை மாற்ற வசதியில்லாதவர், சுவரோரத்திற் செடிகளை நெருக்கமாக நட்டுக் குழந்தைகளை அப்பால் நிறுத்தலாம். காய்கறிக்குப் பெட்டி கட்டி, வெளியிலிருந்து கொணர்ந்த மண்ணை நிரப்புவது நலம். தக்காளி போன்ற காய்களை விட, மண்ணிலே புதைந்திருக்கும் கரட்டும் மண் ஒட்டும் கீரையுமே கூடிய ஐயத்துக்குரியவை. புல்லால் மூடிய முற்றத்தையும் இடையிடையே பார்வையிட வேண்டும். ஊஞ்சலின் கீழே, குழந்தைகளின் கால் உரசும் இடத்திற் புல் முதலில் தேயும். அங்கு மரச்சீவலைத் தடிப்பாக இட்டு, கரைந்தபோதெல்லாம் மீண்டும் நிரப்பிவர வேண்டும்.