எதிர்ப்பும் தாக்குப்பிடிப்பும்: பூஞ்சைப் படலத்தின் மரபணுக்கள்

என் சின்னம்மா கேம்பல் லேனில் முப்பது ஆண்டுகள் பூக்கட்டி விற்றவர். சிறுநீரகங்கள் செயலிழந்தபின், கழுத்தோரத்தில் பொருத்தப்பட்ட ஒரு குழாயின் வழியே வாரம் மும்முறை அவருக்கு இரத்தச் சுத்திகரிப்பு நடைபெற்றுவந்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் கண்டது. இரத்தத்தில் கேண்டிடா என்னும் பூஞ்சை பரவியிருப்பதாக மருத்துவமனையில் கண்டறிந்தார்கள். மருத்துவர் ஆங்கிலத்தில் கூறியதைத் தமிழில் எடுத்துரைக்கும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. ஆய்வகச் சோதனையில் இந்தப் பூஞ்சை மருந்துக்குக் கட்டுப்படுகிறது. ஆயினும் குழாயை அகற்றியே ஆகவேண்டும், ஏனெனில் குழாயில் படிந்துள்ள பூஞ்சைக்கு எதிர்ப்பு மிகுதி. நானும் அவ்வாறே சொன்னேன்.

"எதிர்ப்புச் சக்தி இருந்தா நல்லதுதானே, தம்பி? அப்புறம் ஏன் குழாயைப் பிடுங்கணும்?" என்றார் சின்னம்மா.

அந்தக் குழாயைப் பொருத்துவதற்கே மெலிந்த நாளங்களில் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். மொழியியலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்த எனக்கு அவருடைய கேள்விக்கு உடனே விடை வரவில்லை. தவறு அவருடையதன்று. 'நோய் எதிர்ப்புச் சக்தி' என்று உடலின் வலிமையைக் குறிக்கிறோம். 'பூஞ்சை எதிர்ப்பு மருந்து' என்று மருந்தின் வலிமையைக் குறிக்கிறோம். 'மருந்து எதிர்ப்பு' என்று கிருமியின் வலிமையையும் அதே சொல்லால் குறிக்கிறோம். யார் யாரை எதிர்க்கிறார் என்பதைச் சொற்றொடரே காட்ட வேண்டும். நோயுற்ற முதியவர் சொற்றொடரைப் பகுத்துப் பார்க்கும் நிலையில் இருப்பதில்லை.

என் மொழிபெயர்ப்பில் இன்னொரு குழப்பமும் இருந்தது. மருந்துக்குக் கட்டுப்படும் பூஞ்சைக்கே எதிர்ப்பு மிகுதி என்றால், இரண்டில் எது உண்மை? இரண்டும் உண்மையே. ஆய்வகத்தில் பூஞ்சையின் உயிரணுக்களைத் திரவத்தில் தனித்தனியே மிதக்கவிட்டு, எவ்வளவு மருந்து அவற்றின் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று அளக்கிறார்கள். உடலுக்குள் நெகிழிக் குழாயின் சுவரிலோ அவை மிதப்பதில்லை. சுவரில் ஒட்டி, பெருகி, ஒன்றோடொன்று பின்னி, தம்மைச் சுற்றிப் பசைபோன்ற ஒரு பொருளைச் சுரந்து அதற்குள் வாழ்கின்றன. இதனையே உயிர்ப்படலம் என்கிறோம். (படலம் என்றதும் கம்பராமாயணம் நினைவுக்கு வரும் மாணவர்கள் பொறுத்தருள்க, கண்ணில் படரும் படலத்தை நினைத்துக்கொண்டால் போதும்.) ஆய்வகத்தில் ஓரிரு நாள்களிலேயே இப்படலம் முதிர்ந்துவிடும். ஃபுளுகோனசோல் போன்ற மருந்து மிதக்கும் உயிரணுக்களைத் தடுக்கும் அளவைப்போல் நூறு மடங்கு, சில சோதனைகளில் ஆயிரம் மடங்கு கொடுத்தாலும் படலத்துக்குள் இருப்பவை பிழைத்திருக்கின்றன.

படலம் என்ற சொல்லைக்கூட நான் எடுக்கவில்லை. குழாய்க்குள் வழவழப்பாக ஒன்று பிடித்திருக்கிறது என்று தொடங்கினேன். "பூ வாளியில பிடிக்குமே, அந்த மாதிரியா?" என்று சின்னம்மாவே கேட்டார். தண்ணீரை எத்தனை முறை மாற்றினாலும், அடியிலுள்ள வழவழப்பைத் தேய்த்துக் கழுவாவிட்டால் பூ சீக்கிரம் வாடிவிடும் என்பது அவருடைய முப்பதாண்டு அனுபவம். வாளியில் பிடிப்பது பெரும்பாலும் பாக்டீரியப் படலம். ஆயினும் உவமை பொருந்துகிறது. குழாயின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ இயலாது என்பதால், வாளியையே மாற்றவேண்டும். மறுநாள் குழாயை எடுக்க ஒப்புக்கொண்டார்.

மரபணுக்களுக்கு வருவோம். இவ்வகைப் பூஞ்சைகளுள் மிகுதியாக ஆராயப்பட்டது கேண்டிடா அல்பிகன்ஸ். நம்மில் பலருடைய வாயிலும் குடலிலும் தீங்கின்றி வாழ்வது. அதன் ஏறத்தாழ 6,000 மரபணுக்களுள் எவை படலம் கட்டுகின்றன? 2012-இல் கிளாரிசா நோபில், அலெக்சாண்டர் ஜான்சன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தந்தது. பிற மரபணுக்களை முடுக்கவும் அடக்கவும் வல்ல ஆறு கட்டுப்பாட்டுப் புரதங்கள் ஒன்றையொன்று இயக்கிக்கொண்டு, ஏறத்தாழ ஆயிரம் மரபணுக்களை ஆள்கின்றன. ஆறனுள் எந்த ஒன்றை நீக்கினாலும் படலம் சரியாக அமைவதில்லை. பின்னர் மேலும் மூன்று புரதங்கள் இவ்வரிசையில் சேர்க்கப்பட்டன. முதல் ஆறனுள் ஒன்றான பி.சி.ஆர்.1 ஒட்டும் புரதங்களை முடுக்குகிறது. அப்புரதங்களுள் முதன்மையானது ஏ.எல்.எஸ்.3. முதற்கட்டத்தில் ஒட்டுதல் நிகழாவிட்டால் அடுத்த கட்டங்களுக்கு இடமில்லை.

ஒரு மரபணுவை மட்டும் சற்று நின்று பார்க்கவேண்டும். அதன் பெயர் எஃப்.கே.எஸ்.1. பூஞ்சையின் செல்சுவருக்குத் தேவையான குளூக்கான் என்னும் சர்க்கரைச் சங்கிலியை உருவாக்கும் நொதி இதன் விளைவு. அதே குளூக்கான் படலத்தின் பசையிலும் கலந்து, உள்ளே வரும் ஃபுளுகோனசோலைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. மருந்து உயிரணுவை எட்டுவதற்குள் வழியிலேயே சிக்கிக்கொள்கிறது. எஃப்.கே.எஸ்.1-இன் செயலைக் குறைத்தபோது அதே படலம் மருந்துக்கு இளகியதைச் சோதனைகள் காட்டியுள்ளன. இங்கே மரபணுவின் எழுத்து எதுவும் மாறவில்லை. பூஞ்சை வாழும் முறைதான் மாறியிருக்கிறது. படலத்தை விட்டு நீங்கி மிதந்து பெருகும் வழித்தோன்றல்கள் மீண்டும் மருந்துக்குக் கட்டுப்படக்கூடும்.

எக்கினோகேண்டின் என்னும் மற்றொரு மருந்துவகையோ இந்த எஃப்.கே.எஸ்.1 நொதியையே தாக்குகிறது. அம்மரபணுவின் குறிப்பிட்ட இடத்தில் ஓர் எழுத்து மாறினால் மருந்து நொதியில் பொருந்தாமல் போகிறது. அரம் அறமாவது போன்ற மாற்றம்தான் இது; ஆனால் மிதந்தாலும் படலத்தில் இருந்தாலும் அந்த எதிர்ப்பு நீங்காது, வழிவழியாகத் தொடரும். ஆக, ஒரே மரபணு மாறாமலிருந்து ஒரு மருந்தைத் தாக்குப்பிடிக்க உதவுகிறது. மாறினால் வேறொரு மருந்தை எதிர்க்கிறது. இவ்விரண்டையும் 'எதிர்ப்பு' என்ற ஒரே சொல்லில் அடைப்பதை நான் விட்டுவிட்டேன். எழுத்து மாறிப் பிறந்த வலிமையை எதிர்ப்பு என்றும், படலத்துக்குள் ஒடுங்கியிருப்பதால் கிடைக்கும் வலிமையைத் தாக்குப்பிடிப்பு என்றும் எழுதுகிறேன். வகுப்பறையில் இதைவிடப் பொருத்தமான சொல் பிறந்தால் மகிழ்ச்சியுடன் ஏற்பேன்.

இரண்டு வலிமைகளும் ஓரிடத்தில் சேர்வதால்தான் கேண்டிடா ஆரிஸ் அச்சமூட்டுகிறது. 2009-இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு முதன்முதலில் விவரிக்கப்பட்டதால் இலத்தீனில் 'காதின்' என்று பெயர் பெற்றது. மருத்துவர்களை வருத்துவது காதில் அன்று, குருதியில். 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் மிக உயர்ந்த பிரிவில் இது இடம்பெற்றது. இதன் பெரும்பாலான வகைகள் ஃபுளுகோனசோலை எதிர்ப்பவை. ஈ.ஆர்.ஜி.11 மரபணுவில் ஓர் எழுத்து மாறி, புரதத்தின் 132-ஆம் இடத்தில் டைரோசினுக்குப் பதில் ஃபினைல்அலனின் அமர்வது அதற்குரிய காரணங்களுள் ஒன்று. அல்பிகன்சைப்போல் நீண்ட இழைகளை இது எளிதில் பின்னுவதில்லை, படலமும் மெல்லியதே. எனினும் தோலிலும் நெகிழியிலும் கட்டில் கம்பியிலும் வாரக்கணக்கில் ஒட்டியிருக்கிறது. 2023-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதற்குரிய ஒட்டும் புரதத்தைக் கண்டறிந்து எஸ்.சி.எஃப்.1 என்று பெயரிட்டனர். அது ஆரிசுக்கே உரியதாகத் தோன்றுகிறது. ஒரே வேலைக்கு இரு பூஞ்சைகள் இரு வேறு கருவிகளை வைத்திருக்கின்றன.

நம் நகரத்தின் முதல் மூன்று நோயாளிகளைப் பற்றிய அறிக்கை 2018-இல் வெளிவந்தது. அதுவரை உலகில் இப்பூஞ்சை தெற்காசியம், கிழக்காசியம், ஆப்பிரிக்கம், தென்னமெரிக்கம் என்னும் நான்கு கிளைகளாக அறியப்பட்டிருந்தது. பின்னர் ஈரானியக் கிளை ஐந்தாவதாகச் சேர்ந்தது. 2023-இல் சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் வழக்கமான பரிசோதனையில், அண்மையில் வெளிநாடு செல்லாத ஒருவரிடம் கிடைத்த பூஞ்சை இந்த ஐந்தில் எதனோடும் பொருந்தவில்லை. அங்குள்ள ஆய்வாளர்களும் சிங்கப்பூர் மரபணுத்தொகுதிக் கழகத்தினரும் அதன் முழு மரபுநூலையும் படித்து, ஆறாவது கிளை என்று 2024-இல் அறிவித்தனர். கிளைமொழிகளை ஒலிமாற்றங்களை எண்ணிப் பிரித்தறிந்த தலைமுறையைச் சேர்ந்த எனக்கு அந்த முறை புதிதாகத் தோன்றவில்லை. அவர்கள் எண்ணிய எழுத்து வேறுபாடுகள் பல்லாயிரம் என்பது மட்டுமே வேறுபாடு. அக்கிளையின் உறவினர் ஒருவர் வங்காளதேசத்திலும் இருப்பது தெரியவந்தது.

சோதிக்கப்பட்ட மருந்துகள் அனைத்துக்கும் அந்த ஆறாம் கிளைப் பூஞ்சை கட்டுப்பட்டது. செய்தியைப் படித்தவுடன் நண்பர்கள் சிலர் நிம்மதியடைந்தார்கள். நான் சின்னம்மாவின் குழாயை நினைத்துக்கொண்டேன். சோதனை நடந்தது திரவத்தில் மிதந்த உயிரணுக்களின்மீது.