லார்சன் கூண்டு இயங்கும் முறை

இங்கிலாந்தின் புல்வெளிகளில் ஆள்காட்டிப் பறவைகள் அருகிவருகின்றன. அவை தரையில் இடும் முட்டைகளைத் தின்னும் உயிரினங்களுள் காக்கையும் ஒன்று. ஆனால் அங்கே காக்கைக்கும் சட்டத்தின் காவல் உண்டு. 1981ஆம் ஆண்டின் வனவுயிர் மற்றும் நாட்டுப்புறச் சட்டம் காட்டுப்பறவைகளையும் அவற்றின் கூடுகளையும் முட்டைகளையும் பாதுகாக்கிறது. எனவே காக்கையைப் பிடிக்க நினைப்பவர் கூண்டைத் தொடும் முன் உரிமத்தைப் படிக்க வேண்டும்.

சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி வெளியிடப்படும் பொது உரிமத்துக்குத் தனி விண்ணப்பம் தேவையில்லை. நிபந்தனைகளைக் கடைப்பிடிப்பவர் எவரும் அதைப் பயன்படுத்தலாம். நோக்கத்துக்கேற்ப உரிமம் மாறும்: அருகிவரும் உயிரினங்களைக் காக்க ஜிஎல்40, பொதுச் சுகாதாரத்துக்கும் பாதுகாப்புக்கும் ஜிஎல்41, பயிர், கால்நடைச் சேதத்தைத் தடுக்க ஜிஎல்42. முதலில் விரட்டுதல் போன்ற கொல்லாத வழிகளை முயன்று பார்த்திருக்க வேண்டும். ‘வைல்டு ஜஸ்டிஸ்’ அமைப்பின் சட்ட நடவடிக்கையை அடுத்து, பழைய பொது உரிமங்கள் மூன்று 2019 ஏப்ரலில் விலக்கிக்கொள்ளப்பட்டன. அதன் பின் வந்த உரிமங்கள், கொல்லாத வழிகளே முதலில் என்ற இந்த வரிசையைத் தெளிவாகவே வற்புறுத்துகின்றன. அப்படித்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது கூண்டு. 1950களில் டென்மார்க்கில் உருவான லார்சன் கூண்டு மரச்சட்டமும் கம்பிவலையும் கொண்டது. ஓர் அறையில் உயிருள்ள காக்கை ஒன்று ஈர்ப்புப் பறவையாக இருக்கும்; பக்கத்து அறைகள் பிடிப்பதற்கானவை. பிடிக்கும் அறையின் கதவைச் சுருள்வில் மூடப் பார்க்கும். நடுவில் இரண்டாகப் பிளந்து முனையோடு முனை பொருத்திய ஒரு குச்சி அதைத் திறந்தபடி தாங்கும். காக்கை வந்து அமர்ந்ததும் அதன் எடையில் குச்சி பிரிந்து விழும். காக்கை உள்ளே இறங்க, கதவு மேலே மூடிக்கொள்ளும். இரை இல்லாமலே இது இயங்குவதற்குக் காரணம் காக்கையின் இயல்பு. இனப்பெருக்கக் காலத்தில் தன் எல்லைக்குள் வேறொரு காக்கையைக் கண்டால், அதைத் துரத்த அது தானே வரும். வசந்த காலத்தில் கூண்டு நன்கு பலன் தருவது இதனால்தான்.

ஈர்ப்புப் பறவையின் நலனுக்குத் தனி விதிகள் உண்டு. உணவும் நீரும் எந்நேரமும் இருக்க வேண்டும். காற்று, மழைக்கு மறைப்பு வேண்டும். கால்களை உறுத்தாத குச்சி வேண்டும். கட்டிவைத்த பறவையையோ குருடான, காயம்பட்ட பறவையையோ ஈர்ப்பாக வைப்பதைச் சட்டமே தடுக்கிறது.

கூண்டை வைத்த பிறகு நாள்தோறும் நேரில் சென்று பார்க்க வேண்டும். ஒரு வாரம் எதுவும் விழாவிட்டாலும் இதில் விலக்கு இல்லை. முதலில் பிடிக்கும் அறையைப் பார்ப்பர். உரிமத்தில் இல்லாத பறவை அகப்பட்டிருந்தால், காயமின்றி உடனே விடுவிக்க வேண்டும். காக்கையாயின் விரைவாக, துன்பமின்றிக் கொல்ல வேண்டும். அதுவும் ஈர்ப்புப் பறவையின் கண்ணில் படாமல். பின்பு நீரை மாற்றி, உணவை நிரப்பி, மறைப்பு அசைந்திருந்தால் சரிசெய்து, பிளவுக் குச்சியை மீண்டும் பொருத்துவர்.

முட்டைகள் பொரிந்து பருவம் முடிந்ததும் ஈர்ப்புப் பறவையை வெளியே எடுத்துவிட்டு, கூண்டு எதையும் பிடிக்க முடியாதவாறு செயலிழக்கச் செய்ய வேண்டும். பிடிக்கும் நிலையில் அதை வயலில் விட்டுச் செல்லக் கூடாது. அடுத்த வசந்தத்தில் கூண்டு வைப்பவர், அப்போது நடைமுறையில் உள்ள உரிமத்தின் நிபந்தனைகளை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாக வேண்டும்.