இரவுக் கிறீமும் வன்னி வெய்யிலும்

தேத்தண்ணியைக் குடி தங்கச்சி, ஆறப்போகுது. நீ கொண்டுவந்த ரியூப்பில் ட்ரெட்டினோயின் 0.025 சதவீதம் என்று போட்டிருக்கு. விற்றமின் ஏ வழிவந்த மருந்து. அமெரிக்காவில் 1971இலேயே பருவுக்கு அனுமதி கிடைத்தது. நல்ல மருந்துதான். அதைப் பூசத் தொடங்கின கையோடு ஏ9 வீதியில் உச்சி வெய்யிலில் சைக்கிள் ஓடுறதுதான் எனக்குப் பயம்.

தோலின் மேற்பரப்பில் செத்த கலங்கள் அடுக்கடுக்காய்ப் படிந்திருக்கும். இந்த மருந்து அடியில் புதுக் கலங்களைக் கெதியாய் வளரவைக்கும். மேல் அடுக்கு மெலியும். முதல் சில கிழமை மூக்கோரம், வாயோரம் காய்ந்து செதில் செதிலாய்க் கழரும். அந்த நேரம் வெய்யில் பட்டால் சுள்ளென்று எரியும். வெளிச்சத்தில் ட்ரெட்டினோயினும் பழுதாகிப் போகும். அதனால்தான் இரவில் பூசச் சொல்லுறது.

வெள்ளைத் தோல் வெந்தால் சிவந்து ஆறிவிடும். எங்கட தோல் எரிந்த இடத்தில் கறுத்து, மாதக்கணக்காய் நிற்கும். பருத் தழும்பு போகவேணும் என்று தொடங்கின பிள்ளைகள் புதுக் கருமையோடு வந்து அழுகிறது இதனால்தான்.

கிளிநொச்சி பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 பாகை சொச்சத்தில் இருக்கு. சித்திரை வருசப்பிறப்பை ஒட்டி நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும், ஆவணியில் இன்னொருக்கா. ஆனபடியால், டொக்டர் சம்மதித்தால், மாரி மழையோடு தொடங்கு என்பேன்.

கிழமைக்கு இரண்டு மூன்று இரவு காணும். முகம் கழுவி, ஈரம் நன்றாய்க் காய்ந்த பிறகு, முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. கூடப் பூசினால் கூட எரியுமே தவிர, கெதியாய் மாறாது. காலையில் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிறீன், முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம். வெளியில் நின்றால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திரும்பவும். அதன் விலைக்கு எல்லாராலும் வாங்க ஏலாது, தெரியும். தொப்பியும் குடையும் நீளக்கைச் சட்டையும் பாதி வேலையைச் செய்யும். இரணைமடுப் பக்கம் நாள் முழுக்கக் களை பிடுங்கப் போற காலமென்றால், அந்த வேலை முடியும்வரை மருந்தைத் தள்ளிவை.

வெள்ளையாக்கும் என்று கையில் தருகிற கலவைக் கிறீம்களைத் தொடாதே. சிலதில் இதே ட்ரெட்டினோயினோடு ஸ்டீரொய்டும் சேர்ந்திருக்கும். தோல் இன்னும் மெலிந்து, நிறுத்தினதும் முகம் சிவந்து பொங்கும். வயிற்றில் பிள்ளை தங்கினாலோ, அதை எதிர்பார்த்திருந்தாலோ, உடனே நிறுத்திவிட்டு கிளினிக்கில் சொல்லு.