அடைக்கோழியும் பொரிப்பு இயந்திரமும்

மூளையின் அடிப்புறத்தில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கும்போது, கோழி முட்டையிடுவதை நிறுத்திவிட்டு அடைக்கு உட்காருகிறது. வயிற்றின் கீழ்ப்புறத்து இறகுகள் உதிர, இரத்த ஓட்டம் மிகுந்த வெறுந்தோல் முட்டைகளின்மேல் நேராகப் படிகிறது. 21 நாள் நீளும் இந்த இருப்பில், இரைக்கும் நீருக்கும் சிறிது நேரமே எழுந்து செல்லும் கோழி, முட்டைகளை அலகால் புரட்டி, ஓரத்தில் கிடப்பதை நடுவுக்கு இழுத்துக்கொள்கிறது. புரட்டாவிடில் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டி இறந்துபோகக்கூடும்.

இதைக் கோழியின்றிச் செய்யும் முயற்சி மிகப் பழையது. எகிப்தில் மண்செங்கல் அறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்தவர்கள், வெப்பமானி இன்றி, முட்டையைக் கண்ணிமையில் ஒற்றியே சூட்டை அளந்தனர். பிரெஞ்சு அறிஞர் ரெயோமூர் செயற்கைப் பொரிப்பைப் பற்றி 1749இல் ஒரு நூலே எழுதினார்.

விசிறி பொருத்திய இன்றைய இன்குபேட்டரில் வெப்பம் ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸில் நிலைநிறுத்தப்படுகிறது. வெப்பத்தைவிடத் தொல்லை தருவது ஈரப்பதமே. ஓட்டின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாக ஆக, முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்றறை விரிவடைகிறது. குஞ்சு ஓட்டை உடைப்பதற்கு முன் அந்த அறைக்குள் அலகை நுழைத்துத்தான் முதல் மூச்சை இழுக்கிறது. ஈரம் மிகுந்தால் காற்றறை போதிய அளவு விரியாமல் குஞ்சு மூச்சுத் திணறும். குறைந்தால் சவ்வு உலர்ந்து குஞ்சை இறுக்கிவிடும். ஆகவே முதல் 18 நாள் 50 முதல் 60 விழுக்காடாக இருக்கும் ஈரப்பதம், புரட்டுவதை நிறுத்தும் கடைசி மூன்று நாளில் உயர்த்தப்படுகிறது. முதல் வாரத்தில் வெளிவெப்பத்தை வாங்கும் கரு, இறுதி வாரத்தில் தானே வெப்பத்தை வெளியிடுவதால், பெரிய பொரிப்பகங்களில் முட்டைகளைக் குளிர்விக்கவும் வேண்டியிருக்கிறது.

அடையிருக்கும் கோழி முட்டையிடாது என்பதால், வெள்ளை லெகார்ன் போன்ற இனங்களில் அந்த இயல்பு தலைமுறை தலைமுறையாகத் தெரிவுசெய்து ஒதுக்கப்பட்டுவிட்டது. இன்று அவை பெருகுவதற்கு இயந்திரமே வழி. எனவே இரண்டில் எது சிறந்தது என்னும் கேள்வி நாட்டுக்கோழி வளர்ப்போருக்கு மட்டுமே உண்மையான கேள்வி. ஓர் அடைக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டைகளையே தாங்கும். ஆனால் அதற்கு மின்வெட்டு இல்லை, பொரித்த பின் குஞ்சுகளுக்குத் தனியே விளக்குச் சூடும் வேண்டாம். இயந்திரத்தில் பொரித்த ஓரிரு நாள் குஞ்சுகளை, அதே சமயத்தில் குஞ்சு பொரித்த கோழியின் அடியில் இரவில் சேர்த்துவிடுவோரும் உண்டு. வயது கூடிய குஞ்சுகளைக் கோழி கொத்தி விரட்டிவிடலாம்.