கத்தோலிக்க அரசியல்வாதிகளும் நற்கருணை மறுப்பும்

கருக்கலைப்பு உரிமையை ஆதரிக்கும் கத்தோலிக்க அரசியல்வாதிகளுக்குத் திருப்பலியில் நற்கருணை வழங்கலாமா என்பது ஐக்கிய அமெரிக்காவில் நீண்ட காலமாகத் தொடரும் சர்ச்சையாகும்.

தொடக்கத்தில் அச்சம் வேறு திசையில் இருந்தது. கத்தோலிக்கர் ஒருவர் குடியரசுத் தலைவரானால் திருத்தந்தையின் சொல்லே நாட்டை ஆளும் எனச் சீர்திருத்தத் திருச்சபையினர் பலர் ஐயுற்றனர். 1960 செப்டம்பர் 12 அன்று ஹூஸ்டனில் போதகர்கள் முன் பேசிய ஜான் எஃப். கென்னடி, பொது விவகாரங்களில் தாம் திருச்சபைக்காகப் பேசுவதில்லை, திருச்சபையும் தமக்காகப் பேசுவதில்லை என விளக்கினார். 1973ஆம் ஆண்டின் ரோ எதிர் வேட் தீர்ப்பு கருக்கலைப்பை அரசியலமைப்பு உரிமையாக்கியதும் நிலைமை தலைகீழானது. கத்தோலிக்க அரசியல்வாதிகள் திருச்சபைக்குப் போதிய அளவு கீழ்ப்படியவில்லை என்பதே இப்போது குற்றச்சாட்டு.

1984இல் நியூயார்க் ஆளுநர் மாரியோ குவோமோ, நோட்ரே டேம் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில் ஒரு வாதத்தை முன்வைத்தார்: தனிப்பட்ட முறையில் திருச்சபைப் போதனையை ஏற்கிறேன், ஆனால் பல சமயத்தவர் வாழும் சமூகத்தில், பொதுவான இசைவு இல்லாமல் அதைச் சட்டமாக்க இயலாது. பின்வந்த பலரும் இதையே திருப்பிச் சொன்னார்கள். எதிர்தரப்பின் பதிலும் எளிதில் ஒதுக்கக்கூடியதன்று. கருவின் உயிர் என்பது வெள்ளிக்கிழமை ஒருசந்தி போன்ற சமய ஒழுங்கு அன்று, எல்லாருக்கும் பொதுவான நீதி என்கிறது திருச்சபை.

விவாதத்தின் மையம் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 915ஆம் விதி. வெளிப்படையான கனமான பாவத்தில் பிடிவாதமாக நிலைத்திருப்போரை நற்கருணைக்கு அனுமதிக்கலாகாது என்கிறது அது. ஒரு மசோதாவுக்கு வாக்களிப்பது இந்த வரையறைக்குள் வருமா என்பதில்தான் சட்ட அறிஞர்கள் பிரிகின்றனர். இதைச் சபைநீக்கம் எனச் செய்தித்தாள்கள் எழுதுவது பிழை. கருக்கலைப்பைச் செய்விப்போருக்குரிய தானியங்கிச் சபைநீக்கம் வேறொரு விதியில் உள்ளது.

2004இல் ஜான் கெர்ரி வேட்பாளரானபோது, செயின்ட் லூயிஸ் பேராயர் ரேமண்ட் பர்க் தாம் அவருக்கு நற்கருணை தரமாட்டேன் என்றார். அவ்வாண்டு ஜூனில் டென்வரில் கூடிய ஆயர்கள் முடிவை அந்தந்த ஆயரிடமே விட்டனர். விளைவு விசித்திரமானது: ஒரே மனிதருக்கு ஒரு மறைமாவட்டத்தில் கதவு திறந்தும் அடுத்ததில் மூடியும் இருக்கலாம். 2022 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ பேராயர் சால்வத்தோரே கோர்திலியோனே, நான்சி பெலோசி நற்கருணை பெறத் தடை விதித்தார். ஜூன் 29 அன்று வத்திக்கானில், திருத்தந்தை பிரான்சிசு தலைமையேற்ற திருப்பலியிலேயே பெலோசி நற்கருணை பெற்றார்.

மரண தண்டனை ஏற்கத்தக்கதன்று என 2018இல் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு திருத்தப்பட்டது. அதன்பின், 17 ஆண்டுகள் நின்றிருந்த கூட்டரசு மரண தண்டனைகளை 2020இல் மீண்டும் நடத்திய அரசுத் தலைமை வழக்கறிஞர் வில்லியம் பார் ஒரு கத்தோலிக்கர். ஆயர்கள் அதைக் கண்டித்தனர். ஆனால் அவருடைய நற்கருணை இந்த அளவுக்குப் பேசுபொருளாகவில்லை.